அண்ணன் இறக்கி வைக்காத கல்

அண்ணனின் முதலாண்டு நினைவாக அச்சிட்ட இந்த மலரை வாங்கிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான் உறவுகள், டவுன்ஷிப்பில் அண்ணனோடு ஷிப்ட் பார்த்த நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் அண்ணனின் தம்பி. நான்கு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். என் கல்யாணத்தில்கூட மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அதை அண்ணனிடம் நீட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கேன்டீனில் ஒப்பந்த வேலைக்குப் போனவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருக்கிறது.

பின்னட்டையில் ஒரு பழைய புகைப்படம் அச்சாகியிருக்கிறது. உடைந்த கல் தூண்களின் துண்டுகள் அதில் இருக்கின்றன. இதைப் படித்து முடித்த பிறகு அதைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஆடியில் எங்கள் வகையறாவின் கல்லுக்குத் துணி மாற்ற வேண்டியவன் நான். சென்ற ஆடியில் தீட்டு என்று விட்டுவிட்டோம். இந்த ஆடியில் விட முடியாது. துணிக்குள் என்ன இருக்கிறது என்பதை அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அண்ணன் எனக்கு விட்டுப்போன வேலை. சொன்ன பிறகு அண்ணன் பெயரை நீங்கள் என்ன செய்வீர்கள், அண்ணியை எப்படி நடத்துவீர்கள், கோயிலுக்குள் என்னை விடுவீர்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்தப் பயத்தோடுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

மதுரைப் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும் இருந்து வந்து டவுன்ஷிப்பில் குடியேறிய நண்பர்களுக்கு எங்கள் கல் வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் பழைய ஊர் இன்று நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. அங்கே எங்களுக்குக் கோபுரம் வைத்த கோயில் கிடையாது. எப்போதோ இடிந்த ஏதோ கோயிலின் தூண்துண்டுகள் ஐந்து, வேப்ப மரத்தடியில் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் தோளில் தூக்கும் அளவு. அவைதான் எங்கள் சாமி. ஊரில் ஐந்து வகையறா, வகையறாவுக்கு ஒரு கல். கல்லை எப்போதும் மஞ்சள் துணியால் சுற்றியே வைத்திருப்போம். ஆடி மாதம் வகையறாவின் மூத்த வீட்டு ஆண்களில் மூத்தவர் மட்டும் திரைக்குப் பின்னால் போய்ப் பழைய துணியை அவிழ்த்து, எண்ணெய் தடவி, புதுத் துணி கட்டுவார். வேறு யார் பார்த்தாலும் கண் போய்விடும் என்பார்கள். கல்லை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போனால், சுமக்கிறவர் அதை இறக்கி வைக்கும் வரை வாய் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் வழக்கம்.

அண்ணன் அந்தப் பழைய ஊரில் பிறந்தார். அவருக்குப் பதினேழு வயதாகும்போது அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் இருவருக்கும் நடுவில் அக்கா. அண்ணன் கரும்பு வெட்டினார், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரியில் போனார், பிறகு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தார். வீட்டுக்கு வந்தால் முதலில் என் நோட்டைத்தான் கேட்பார். அவருக்குக் கணக்கு வராது. ஆனாலும் பக்கத்தைத் திருப்பிச் சிவப்பு மை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். அப்பா போன ஆடியிலிருந்து எங்கள் கல்லுக்குத் துணி மாற்றுகிறவரும் அவர்தான்.

ஊரைக் காலி செய்யச் சொன்னபோது அண்ணனுக்கு இருபத்துநான்கு வயது. புதுக் குடியிருப்பில் எல்லோருக்கும் மனையும், கற்களுக்குக் கோயில் கட்ட ஓர் இடமும் கொடுத்தார்கள். நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று அண்ணனுக்கு மெடிக்கல் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கற்களைப் புது இடத்துக்குத் தூக்கும் நாளும் மெடிக்கல் நாளும் ஒன்றாகிவிட்டன. நாள் மாற்ற முடியாது என்று ஊரில் சொன்னார்கள். மெடிக்கலை விட்டால் வேலை போய்விடும் என்று அம்மா அழுதார். மற்ற நான்கு வகையறாவும் காலையில் கல்லைத் தூக்கிக்கொண்டு போவது, அண்ணன் மெடிக்கல் முடிந்து வந்து மாலைக்குள் எங்கள் கல்லைக் கொண்டு வந்து சேர்ப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

அன்று சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுக் குடியிருப்பில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். மஞ்சள் துணி சுற்றிய கல்லோடு அண்ணன் மண் ரோட்டில் தனியாக நடந்து வந்தார். விரல் நகங்கள் பெயர்ந்து இரத்தம் வழிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கல் சுமக்கிறவர் பேசக் கூடாதே. இறக்கி வைத்த பிறகும் அவர் பேசவில்லை. அம்மா விரல்களுக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசினார். மறுவாரமே அண்ணனுக்கு வேலை நிரந்தரமானது. அந்த வேலையில்தான் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, அக்கா கல்யாணம் நடந்தது, நான் பள்ளிக்குப் போனேன். அன்று முதல் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் அந்த ஒரு நாளின் சோறு.

அண்ணனை நீங்கள் எப்படி அறிவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். யார் வீட்டு விசேஷத்திலும் உட்கார்ந்து சாப்பிடாதவர், தலை காட்டிவிட்டுக் கிளம்புகிறவர், கர்வக்காரர். கோயிலில் எங்கள் வகையறாவின் மூத்தவராக இருந்தும் முன்வரிசையில் நின்றதில்லை. நானும் அது அவர் சுபாவம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருக்குக் கன்வேயர் பெல்ட்டில் வேலை. சுரங்கத்தில் தோண்டும் மேல்மண் மைல் கணக்கில் பெல்ட்டில் போகும். அதன் ஓரமாக நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மண் வெட்டும் பெரிய இயந்திரத்துக்கு ஆபரேட்டராக அவருக்குப் பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சித்தப்பா அதைச் சொல்லிக் காட்டாத கல்யாணம் கிடையாது.

“அவனவன் ப்ரமோஷனுக்குக் கால்ல வுழுந்துகினு இருக்கான். வூடு தேடி வந்தத வேணாங்கறான் பாரு, இவன எந்த மியூசியத்துல வைக்கறது?”

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் பகல் ஷிப்டில் அண்ணன் பெல்ட் ஓரத்து அவசரக் கயிற்றை இழுத்து மொத்த லைனையும் நிறுத்திவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை, எங்கும் தீப்பிடிக்கவில்லை. பெல்ட்டின் மேல் ஏறி ஒரு கல்லைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மெமோ கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்குச் சித்தப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“என்னடா, பெல்ட்டுல உம் பொண்டாட்டி போயிகினு இருந்தாளா? கயித்தப் புடிச்சி இழுத்தியாமே!”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அண்ணி உள்ளேயிருந்து, “நான் போயிருந்தா இழுத்திருக்க மாட்டாரு, டாட்டா காட்டியிருப்பாரு” என்றார். அண்ணன் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கும் ஓர் அம்மையார் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பெயரைச் சொன்னார், நான் மறந்துவிட்டேன். அவர் கையில் ஒரு புகைப்படத்தின் பிரதி இருந்தது. புகைப்படக் கலை வந்த புதிதில், வெள்ளைக்காரர் காலத்தில் எடுத்தது என்றார். டீத்தண்ணீர் நிறம். மண் மேட்டில் வரிசையாகச் சாய்த்து வைத்த ஐந்து தூண்துண்டுகள். கீழே எங்கள் பழைய ஊரின் பெயர் ஆங்கிலத்தில் கையால் எழுதியிருந்தது. முதல் துண்டில் கொடி, இரண்டாவதில் யாளி, பிறகு தாமரை, பிறகு மத்தளம் அடிக்கும் குள்ளன். ஐந்தாவதில் விளக்கு ஏந்திய ஒரு பெண். இடுப்புக்குக் கீழே உடைந்திருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் குந்தியிருந்தார். அவருக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஏதோ கலைந்திருந்தது.

“இவுரு யாருங்க, மூஞ்சியே காணோம்?” என்று அண்ணி கேட்டார்.

“அப்பல்லாம் படம் எடுக்க ரொம்ப நேரம் ஆடாம இருக்கணுங்கக்கா. இவரு அசைஞ்சிட்டாரு, கலைஞ்சி போச்சு. கல்லு அசையாதில்ல, அதான் தெளிவா இருக்கு.” பிறகு அண்ணனிடம் திரும்பினார். “ஐயா, இந்த அஞ்சும் இப்ப உங்க கோயில்ல இருக்குங்களா?”

அண்ணன் படத்தின் ஐந்தாவது துண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இருக்குதுங்க” என்றார்.

“ஒரே ஒரு தடவ பாக்கலாங்களா? சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான்.”

“துணிய அவுக்கக் கூடாதுங்க. பாத்தா கண்ணு போயிடும்.”

அந்த அம்மையார் சிரித்துவிட்டார். “படம் எடுத்தவருக்குக் கண்ணு போயிருந்தா இந்தப் படமே வந்திருக்காதுங்களே ஐயா.”

அண்ணன் சிரிக்கவில்லை. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பிறகு வருகிறேன் என்று படத்தைக் கொடுத்துவிட்டு அவர் போனார். திரும்பி வரவில்லை. ஆனால் அதன்பின் வாசல் கேட் சத்தம் கேட்டால் அண்ணன் பின்கட்டுக்குப் போய்விடுவார். படத்தை எங்கே வைத்தீர்கள் என்று அண்ணி கேட்டதற்குக் கிழித்துவிட்டேன் என்றார்.

ஓய்வுக்குப் பிறகு குறிஞ்சிப்பாடி ரோட்டில் சிறிய வீடு கட்டிக்கொண்டார். இதயம் பலவீனமாகிக் கடைசியில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எட்டாம் நாள் மதியம், அண்ணி சாப்பிடப் போயிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, ஒண்ணு சொல்றன். பயந்துக்காத.”

“என்னாண்ணே?”

“நம்ம கல்லு அங்க இல்லடா.”

“எங்க இல்ல?”

“கோயில்ல. துணிக்குள்ள இருக்கறது சர்வே கல்லு.”

காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்து நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அவர் என் கையைத் தள்ளிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

அன்று காலை மெடிக்கலுக்குப் போகும்முன் கல்லுக்குப் புதுத் துணி சுற்றியிருக்கிறார். தனியாக விட்டுப் போகிறோமே, யாராவது துணியை விலக்கிப் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் அதன் மேல் பனை ஓலைகளை அடுக்கி மூடியிருக்கிறார். மரங்களைத் தள்ளும் வேலை மறுநாள்தான் எங்கள் பக்கம் வரும் என்று நினைத்திருந்தார். அவர் திரும்பி வந்தபோது வேப்ப மரம் இல்லை. மண் சமமாக இருந்தது. புல்டோசர் போய்விட்டிருந்தது. எங்கே தோண்டுவது என்றுகூடத் தெரியாமல் கையால் தோண்டியிருக்கிறார்.

“ஓலயப் போட்டு மூடாம வுட்டிருந்தா அந்த டோசர்காரன் மஞ்சத் துணியப் பாத்துட்டு நிறுத்தியிருப்பான்டா. சாமின்னு தெரிஞ்சிருக்கும். நான் மூடுனதால அவனுக்குக் குப்பதான தெரிஞ்சிது.”

பொழுது சாயும்போது மேளச் சத்தம் தூரத்தில் கேட்டிருக்கிறது. நிலத்தை அளந்து ஓரத்தில் நட்டிருந்த ஒரு சர்வே கல்லைப் பிடுங்கி, வைக்கோல் சுற்றி, மாற்றுவதற்கென்று இடுப்பில் வைத்திருந்த இன்னொரு துணியால் கட்டித் தோளில் வைத்தார். பேசக் கூடாது என்ற வழக்கம் அன்று அவருக்குத் துணையாக இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாராம். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியதில் மறுவாரம் வேலை உத்தரவு வந்துவிட்டது. கல்லை விற்று வேலை வாங்கியவன் என்பார்களே என்று பயந்தார். பிறகு ஒவ்வோர் ஆடியும் பயம் கூடிக்கொண்டே போனது.

ஆபரேட்டர் வேலை வேண்டாம் என்றது, தன் கையாலேயே அந்தக் கல்லை வெட்டிவிடுவோமோ என்ற பயத்தில். பெல்ட் ஓரமாக நடந்தது, அது எப்போதாவது மண்ணோடு வரும் என்று. எங்கள் மண்ணில் கருங்கல் கிடையாது; கருப்பாக எது போனாலும் கூடவே ஓடிப் பார்ப்பேன் என்றார். கயிற்றை இழுத்த அன்று கல்லாகத் தெரிந்தது வெறும் மண்கட்டி.

அக்கா, இதை நீ படித்துக்கொண்டிருப்பாய். உனக்கு இரண்டு முறை கரு கலைந்தபோது அண்ணன் உன்னைப் பார்க்க உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பழப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடப் பிறந்தவனுக்கு இரக்கம் இல்லை என்று நீ அம்மாவிடம் சொல்லி அழுதாய். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “எந் தப்புக்கு அவ புள்ளயக் குடுத்துகினு இருக்கா. அவ மூஞ்சியில எப்படிடா முழிப்பேன்?” நம் வீட்டில் யாருக்கு எது நடந்தாலும், சித்தப்பா மகன் பைக்கில் விழுந்தாலும், என் மகனுக்கு வலிப்பு வந்தாலும், அது தன்னால் என்றே நம்பினார். அவரைவிடக் கெட்டியாக இதை நம்புகிறவர்கள் இந்தப் பந்தலில் இருக்கலாம். எனக்கும் உறுதியாக எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சர்வே கல்லின் முன்னால்தான் நீ மடிப்பிச்சை கேட்டாய் அக்கா. அதற்கு அடுத்த ஆண்டு உனக்கு மகள் பிறந்தாள். இதை அண்ணனிடம் சொன்னேன்.

“நீயும் அதக் கட்டிகினு இருக்காதடா. சொல்லிடு” என்றார்.

“நான் எப்படிண்ணே சொல்றது?”

“உனக்குத்தான் பேச வராதே. எழுதிடு.”

மூன்றாம் நாள் காலமானார்.

காரியம் முடிந்த பிறகு பீரோ லாக்கரில் ரேஷன் கார்டுக்குக் கீழே படம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. “ஆடி வந்தா இந்த மனுஷனுக்கு ஜொரம் வந்துடும். காத்து மாறுதுன்னு கஷாயம் வச்சிக் குடுத்துகினு இருந்தேன் தம்பி, இத்தினி வருஷமா” என்றார். பிறகு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தம்பி, இங்க பாருங்க. ஒரு கல்லுலயும் துணியே இல்லியே.”

இல்லைதான். மஞ்சள் துணி இல்லை, திரை இல்லை. ஐந்து கற்களும் வெயிலில் திறந்து கிடக்கின்றன. நம் ஆள் ஒருவர் பக்கத்தில் குந்தியிருக்கிறார். அண்ணன் இத்தனை ஆண்டுகள் அந்தப் படத்தை வைத்திருந்தும் இதைப் பார்க்கவில்லை. ஐந்தாவதாக இருந்த எங்கள் கல்லையும் அந்த முகமில்லாத ஆளையும் தவிர அவர் கண்ணுக்கு வேறு எதுவும் பட்டிருக்காது. அந்த ஆள் ஏன் அசைந்தார் என்று நானும் நினைத்துப் பார்க்கிறேன். ஈ உட்கார்ந்திருக்கலாம். பயந்தும் இருக்கலாம்.

இதை எழுதுவதற்கு முன் ஒருநாள் மதியம் ஆள் இல்லாத நேரத்தில் கோயிலுக்குப் போனேன். முடிச்சில் கை வைத்தேன். அவிழ்க்க முடியவில்லை. அண்ணன் சொன்னதை நம்பாமல் இல்லை. ஆனாலும் கண்ணைப் பற்றிய பயம் விடவில்லை. துணியோடு தடவிப் பார்த்தேன். வைக்கோல் நசுங்கியது. அதற்குள் நான்கு பட்டை விளிம்பு, தட்டையான தலை, தலையில் விரல் பதியும் அளவுக்கு ஒரு கோடு. விளக்கும் இல்லை, பெண்ணும் இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொண்டேன். அடுத்த வாரம் கண் மங்கலாகத் தெரிந்ததும் டாக்டரிடம் ஓடினேன். “ஐம்பது தாண்டிடுச்சில்ல, புரை விழ ஆரம்பிக்குது” என்றார். அவர் சொன்னதையும் நான் பாதிதான் நம்புகிறேன்.

மலரை அச்சடிக்கக் கொடுத்தபோது பிரஸ்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “பின்னட்டையில சாமி படம்தான போடுவாங்க? இது என்னாங்க, ஒடஞ்ச கல்லு?” என்று கேட்டார்.

“இதாங்க எங்க சாமி.”

“சரிங்க. இந்த ஆளு மூஞ்சி கலைஞ்சிருக்கே, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடட்டா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பதினொரு நாளும் அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், காரைக் கொடுத்துவிட்டு அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொன்ன பக்கத்து வீட்டாருக்கும், பெல்ட் நின்ற அன்று விசாரணையில் “அவருக்குத் தலை சுத்திடுச்சுங்க” என்று அண்ணனுக்காகச் சொன்ன நண்பருக்கும், ஷிப்ட் முடிந்த சீருடையோடு வந்து பாடை தூக்கிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தக் கல்லூரி அம்மையார் எங்கே இருந்தாலும் அவருக்கும் நன்றி. அவர் திரும்பி வந்தால் இந்த முறை கதவைத் திறப்போம். எங்கள் வகையறாத் துணியை ஆண்டுதோறும் நெய்து தரும் குறிஞ்சிப்பாடித் தறிக்காரர், கேட்காமலேயே இந்த ஆடிக்கும் நெய்து வைத்திருக்கிறார். வாங்கி வந்துவிட்டேன்.

ஆடி முதல் ஞாயிறு காலை, திரை கட்டாமல், எல்லோர் முன்னாலும் எங்கள் கல்லின் துணியை அவிழ்க்கப் போகிறேன். கண்ணுக்குப் பயப்படுகிறவர்கள் வர வேண்டாம். நானும் பயந்துகொண்டுதான் வருவேன். அந்தச் சர்வே கல் அங்கேயே இருக்கலாமா, வெறும் இடமாக விடுவதா, புதுத் துணியைக் கட்டுவதா என்பதை நீங்கள் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கோயில் வரை கல் சுமக்கிறவர்போல வழக்கப்படி பேசாமல் நடந்து வருவேன். அவிழ்த்த பிறகும் எனக்குப் பேச்சு வராது. யாராவது முதலில் பேசுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.